ராசா நெஞ்சில் ஏறிய பகல் பேய்

நெடுங்கரைப் பாளையத்து ராசா பெத்தண்ண நாயக்கரைப் பேய் பிடித்த கதை இது. ஊரிலுள்ள மற்ற பேய்கள் இருட்டினால்தான் கிளம்பும். இந்தப் பேய்க்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பட்டப்பகலில், ராசா சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்த கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

"கண்ணு முழிச்சுத்தான் இருக்கு வெள்ளியம்பலம். கை அசையல, கால் அசையல. கத்தலாம்னா சத்தம் வரல. நெஞ்சு மேல கருப்பா ஒண்ணு ஏறி உக்காந்து அமுக்குது!"

ராசா நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார். வெள்ளியம்பலம் அரண்மனை விகடர். யாரைப் பார்த்தாலும் கேலிதான். அன்றைக்கு அவருக்கே பாவமாய்ப் போயிற்று.

சேதி பரவியதும் ஆளாளுக்குப் பேயைப் பார்த்தார்கள். அதற்கு எருமைக் கால் என்றான் வாசல் காவல்காரன். காலே கிடையாது என்றாள் பூக்கட்டுகிறவள். இரண்டு பேரும் சத்தியம் வேறு செய்தார்கள்.

குறி பார்க்க மாசாணக் கோடாங்கி வந்தார். உடுக்கையை அடித்தார், கண்ணை உருட்டினார். "பேய் வெளியே இல்ல மகாராசா. சமையற்கட்டுல தவசிப்பிள்ளை ஆவுடையப்பன் உடம்புல குடியிருக்கு. அவனைக் குடும்பத்தோட எல்லை தாண்டி விரட்டுங்க. அதுவும் கூடவே போயிரும்."

ஆவுடையப்பன் முப்பது வருஷமாக அந்த அடுப்படியில் வெந்தவர். போன மாசம் விருந்தில் தொடைக்கறி கேட்ட கோடாங்கிக்குக் கழுத்துத் துண்டை வைத்துவிட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். வெள்ளியம்பலத்துக்கு அது தெரியும். ராசா பக்கம் திரும்பினார்.

"மகாராசா, கிருத்திகை விரதத்தன்னிக்குப் பேய் வந்துச்சா?"

ராசா யோசித்தார். "வரலையே!"

"முருகனுக்குப் பயந்திருக்கும்," என்றார் கோடாங்கி சட்டென்று.

"அட, அப்படியா?" என்ற வெள்ளியம்பலத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராசாவின் தலைவாழை இலையில் பச்சை தெரியக்கூடாது. தெரிந்த இடத்தை உடனே நிரப்ப வேண்டும். மூன்று சுற்றுப் பரிமாறி முடிவதற்குள் ராசா எழுந்துவிட்டால் நாட்டில் பஞ்சம் வருமாம். குடிமக்கள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று அந்த நல்ல மனுஷர் தினமும் மூச்சு முட்ட மூன்று சுற்றுத் தின்றுகொண்டிருந்தார். அவரைப் போய்ப் பெருந்தீனிக்காரர் என்று சொன்னால் தலை தங்குமா?

"கோடாங்கி சொல்றது தப்புன்னு எனக்குப் படுது," என்றார் வெள்ளியம்பலம்.

ராசாவுக்குக் கோபம் வந்தது. "அப்படியா? நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்தப் பேயை வேற ஆள் மேல ஏத்திக் காட்டு. முடியலைன்னா தவசிப்பிள்ளையோட நீயும் மூட்டையைக் கட்டு!"

"ஆகட்டும் மகாராசா. ஆனா பேய்க்கு ஆளைத் தெரியாது, இடத்தைத்தான் தெரியும். நாளைக்கு உங்க இலையில உக்காந்து, உங்களை மாதிரியே சாப்பிட்டு, உங்க கட்டில்லயே ஒருத்தர் படுக்கணும். அதுக்குத் தைரியசாலி வேணும். நம்ம கோடாங்கியைத் தவிர யார் இருக்கா? அவர்தான் கையில ஆறு தாயத்துக் கட்டியிருக்கார்."

ராசா இலை! கோடாங்கிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மாட்டேன் என்றால் மானமும் போய்விடும். மீசையை முறுக்கிக்கொண்டு சம்மதித்தார்.

மறுநாள் விடிந்ததுமே ஆவுடையப்பனைக் குடும்பத்தோடு ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த பாளையத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாயிற்று. சமையலை அவருடைய ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். ராசாவுக்கு ஒரு கும்பா மோர்க்கஞ்சி, சுட்ட வற்றல், ஓரமாய் ஒரு பாய். அதோடு சரி.

கோடாங்கி இலையில் அமர்ந்தார். முதல் சுற்றில் தொடைக்கறியைக் கண்டு சிரித்தார். இரண்டாம் சுற்றில் இடுப்புக் கயிற்றைத் தளர்த்தினார். மூன்றாம் சுற்றில், "போதும்யா, விடுங்க!" என்று இலைமேல் கவிழ்ந்தார். விடுவார்களா? "நாட்டுக்குப் பஞ்சம் வந்துரும் சாமி," என்று கைக்கு அடியிலேயே பாயசத்தை ஊற்றினார்கள். கடைசியில் நாலு பேர் தூக்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் மல்லாத்தினார்கள்.

ராசா பாயில் ஒருக்களித்துப் படுத்துக் குழந்தை மாதிரித் தூங்கினார். கட்டிலில் கொஞ்ச நேரம் குறட்டை. அப்புறம் "ம்ம்... ம்ம்..." என்றொரு முனகல். கண் பிதுங்க, வியர்வை ஆறாய் ஓட, கோடாங்கி கட்டை மாதிரிக் கிடந்தார். திடீரென்று துள்ளி எழுந்து, "ஐயோ! எருமைக் கிடா! நெஞ்சு மேல எருமைக் கிடா!" என்று அலறியபடி, உடுக்கையைக்கூட எடுக்காமல் வாசலைப் பார்த்து ஓடினார்.

ராசா எழுந்து உட்கார்ந்தார். ஓடுகிறவரைப் பார்த்தார். தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். ஓரமாய்க் கிடந்த கஞ்சிக் கும்பாவைப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"வெள்ளியம்பலம், தவசிப்பிள்ளை எங்கே இருக்கான்?"

"அக்கரையில மகாராசா."

"அப்போ பேய் அவன்கிட்ட இல்ல. ம்... எங்கே இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ வாயைத் திறக்காதே! ஆவுடையப்பனை மரியாதையாக் கூட்டிட்டு வாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா வழக்கத்தை என்னப்பா செய்யறது? மூணு சுத்துக் கட்டாயமாச்சே."

"மூணு சுத்து இருக்கட்டும், பச்சையும் தெரிய வேண்டாம். ஆனா வாழை இலைதான் போடணும்னு எந்தப் பாட்டனும் சொல்லலையே. நாளையிலிருந்து உள்ளங்கை அகலப் பூவரச இலையில சாப்பிடுங்க."

ராசா தொடையில் தட்டிச் சிரித்தார். ஆற்றைத் தாண்டி ஓடிவந்த ஆவுடையப்பன் கண்ணீரோடு காலில் விழுந்தார். அவரை எழுப்பி நிறுத்திய ராசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆவுடையப்பா, உன்னைக் காப்பாத்தினவர் பசியோட நிக்கிறார் பாரு. என் தலைவாழை இலையைப் போடு. மூணு சுத்தும் நீயே பரிமாறு. அப்புறம் என் கட்டில்லயே படுக்கட்டும். இதுவரைக்கும் யாருக்கும் கொடுக்காத பரிசு!"

வெள்ளியம்பலம் நாலு எட்டுப் பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மகாராசா, பேயை ஓட்டினதுக்குப் பரிசு கொடுங்க, வாங்கிக்கறேன். பேயையே பரிசாக் கொடுத்துராதீங்க!"