பூப்பங்கு

கேளுங்கள், கொஞ்சம் கோபத்தோடேயே கேளுங்கள். ஆற்றுக்கு யாரும் கரை கட்டாத காலத்தில், தன் நாக்கைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்காத ராஜா ஒருவன் இருந்தான்.

அவன் நாட்டில் கல்லாங்காடு என்று ஓர் ஊர். அங்கே சடைச்சி என்று ஒருத்தி துவரை விதைத்துப் பிழைத்தாள். மழை பொய்த்த ஒரு வருஷம், துவரையை மட்டும் நம்பினால் ஆகாது என்று வரப்போரம் மண்பானைகளைக் கவிழ்த்துத் தேனீ வளர்த்தாள். அந்த ஊருக்கு அது புதுத் தொழில்.

தேனீக்கள் பக்கத்து எள்ளுக்காட்டில் மேய்ந்தன. மல்லிக்காட்டில் மேய்ந்தன. முருங்கைத் தோப்பில் மேய்ந்தன. அதனால் தேன் எடுக்கும்போதெல்லாம் அந்த மூன்று வீட்டுக்கும் ஆளுக்கோர் அகப்பை ஊற்றுவாள். அதற்குப் பூப்பங்கு என்று பேர்.

"காடு பூரா மேயுது உன் ஈ. எனக்கு ஒரே ஒரு அகப்பையா?" என்பார் எள்ளுக்காரர் பெரியாண்டி.

"ஈ வந்த பிறகுதானே அண்ணே உன் எள்ளு இப்படிக் காய்க்குது? நியாயமா நீதான் எனக்கு ஊத்தணும்."

வேட்டைக்கு வந்த ராஜா அந்தத் தேனை நக்கினான். அவ்வளவுதான். மறுவாரமே தமுக்கு அடித்தார்கள்: "எள் வேண்டாம்! மல்லி வேண்டாம்! முருங்கை வேண்டாம்! காடெல்லாம் பானை வையுங்கள்!"

சடைச்சி தமுக்கடித்தவனிடம் கத்தினாள். அவன் காதில் விழவில்லை. அரண்மனை வாசலில் போய்க் கத்தினாள். கதவைச் சாத்தினார்கள். கடைசியில் காடுகளை அழிக்கச் சொல்லி வந்த அதிகாரியின் குதிரையை மறித்தாள்.

"பூவை அழிச்சிட்டா ஈ எதைத் திங்கும்? உன் மீசையையா?"

சாட்டைதான் பதில் சொன்னது.

பெரியாண்டி பூத்து நின்ற எள்ளைத் தன் கையாலேயே உழுது அழித்தார்.

அடுத்த வருஷம் ராஜா வண்டிகளோடு தேனுக்கு வந்தான். காடு நிறையப் பானை. ஒன்றிலும் ஓர் ஈ இல்லை.

"இவள்தான் மந்திரம் போட்டு விரட்டிவிட்டாள்" என்றான் அதிகாரி.

ராஜா சடைச்சியைப் பார்த்தான். "பொழுது சாய்வதற்குள் ஒரு பானையாவது நிரப்பு. இல்லாவிட்டால் உன் காடு எனக்கு."

சடைச்சி ஒரு பானையைத் தூக்கி வந்து அவன் காலடியில் வைத்தாள்.

"பானைதானே தேன் கொடுக்குது? கறந்துக்கோங்க, மகாராஜா."

ராஜா வெறியோடு கையை விட்டான். காய்ந்த தேனடையும் செத்த புழுவும் வந்தன.

"ஈ எங்கே?"

"பூ இருக்கிற சீமைக்குப் போயிருச்சு. அதுக்கு உன் உத்தரவு புரியாது. இனிமே எங்களுக்கும் புரியாது. காட்டை நீயே வச்சுக்கோ!"

நடந்தாள். மடியில் ஒளித்து வைத்திருந்த ஒரு பிடி எள்ளோடு பெரியாண்டி பின்னால் நடந்தார். பிறகு ஊரே நடந்தது. மிரட்டிய ராஜாவை ஒரு குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தியில் அவன் திரும்பியபோது அரண்மனை இருட்டாகக் கிடந்தது.

"விளக்கு எங்கேடா?"

"எண்ணெய் இல்லை, மகாராஜா."

"ஏன் இல்லை?"

"எள் இல்லை, மகாராஜா."

"எள் ஏன் இல்லை?"

இருட்டில் அவன் முகம் எப்படி இருந்ததோ, பார்த்தவர் இல்லை.

புதுத் தொழிலைப் பழைய வெள்ளாமைக்குத் துணையாக நிறுத்தாமல், அந்த வெள்ளாமையை அழித்த இடத்தில் நிறுத்துகிறவன் இரண்டையும் இழப்பான்.