ஒரே பெயருள்ள இரண்டு சீட்டுகள்

இரண்டு பேரில் ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டுமானால் திருவுளச்சீட்டுப் போடுவது எங்கள் பக்கத்துச் சபைகளின் வழக்கம். பெயர்களை எழுதி, மடித்து, காணிக்கைப் பையில் போட்டு, ஜெபித்து, ஒன்றை எடுப்பார்கள். வந்த பெயர் கர்த்தரின் சித்தம். அதற்குமேல் பேச்சில்லை.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருந்த எங்கள் சபையில் ரத்னபாய் என்றொரு விதவை இருந்தாள். கணவன் பாம்பு கடித்துக் கிடந்தபோது, "பிழைத்தால் என் இரண்டு பிள்ளைகளில் ஒருவனைப் போதகர் ஊழியத்துக்கு விடுகிறேன்" என்று பொருத்தனை செய்திருந்தாள். அவர் பிழைத்து, பன்னிரண்டு வருடம் வாழ்ந்துதான் இறந்தார். பொருத்தனை மட்டும் பாக்கி நின்றது.

மூத்தவன் மாசிலாமணி கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்ப்பவன். இளையவன் குணசீலன் சிறுவயதிலேயே வரிசையாக நின்ற வாழைக்கன்றுகளைச் சபையாகப் பாவித்துப் பிரசங்கம் செய்தவன். எவனுக்கு எதில் ஆசை என்று தாய் கேட்கவில்லை. போதகர் எட்வின் ஐயாவும் கேட்கவில்லை. "உனக்குப் பிரியமானது எதுவோ அது மாம்சம், வெறும் உடலிச்சை. அதற்கு எதிரே நிற்பதே சித்தம்" என்று ஞாயிறுதோறும் போதித்தவர் அவர்.

சீட்டு எழுதும் வேலையை, கையெழுத்து அழகாக இருக்கும் என்று குணசீலனிடமே கொடுத்தார்கள். ஆராதனை முடிந்ததும் ரத்னபாய் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தாள். மாசிலாமணி.

அல்லேலூயா என்று பாடிக்கொண்டு சபை எழுந்தது. மாசிலாமணி மட்டும் எழவில்லை.

"நான் போகல."

பாட்டு பாதியில் நின்றது. திருவுளச்சீட்டை மறுத்தவனை அதுவரை நாங்கள் கண்டதில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர், "ஏல, கர்த்தருக்குத் தப்பி ஓட யோனாவுக்குக் கப்பல் கெடச்சுது. உனக்குத் திசையன்விளை பஸ்ஸா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆறு மாசமா முழங்கால்ல நின்னு கேக்கேன் ஐயா. எனக்கு அழைப்பு இல்ல. அங்கி போட்டுக்கிட்டு நின்னா பொய்தான் பேசுவேன்."

ரத்னபாய் போதகரிடம் திரும்பினாள். "அப்ப சின்னவன் சீட்டத் தாங்க. பொருத்தன கிடக்கக் கூடாது" என்று பையில் கைவிட்டு மற்றதை எடுத்துப் பிரித்தாள். அதிலும் மாசிலாமணி.

யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள்.

"ஏல, ரெண்டையும் நீதான எழுதுன?" என்றாள் தாய்.

குணசீலன் அழுதுகொண்டே சொன்னான்: "எனக்குப் போக ரொம்ப ஆச அம்மா. அவ்வளவு ஆச இருந்தா அது மாம்சம்தான? அதான் என் பேர எழுதல. சுயத்தச் சிலுவைல அறைஞ்சேன்."

போதகர் இரண்டு சீட்டுகளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு, "செஞ்ச விதம் தப்பு. ஆனா தியாகம் பெருசு. பீடத்துக்கு முன்னால பேர் வாசிச்சாச்சு. மாசிலாமணி, நீயே போ" என்றார்.

தன் ஆசையைத் துறந்து சீட்டை மாற்றியவன் ஒருவன். வந்த சீட்டை மறுத்தவன் ஒருவன். வாசித்த பெயரை மீறக் கூடாது என்றவர் ஒருவர். இம்மூவரில் கர்த்தருடைய சித்தத்துக்கு இடம் கொடுத்தவர் யார்?

விடை: மாசிலாமணி. அவனும் குற்றமற்றவன் அல்ல. சீட்டுப் போடுமுன்பே வாய் திறந்திருக்க வேண்டும். ஆனால் தன் மனதில் இருப்பதை ஆண்டவரிடமும் சபையிடமும் ஒளிக்காமல் வைத்தவன் அவன் ஒருவனே. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் ஆண்டவர் ஜெபித்தபோதுகூட "இந்தப் பாத்திரம் நீங்கட்டும்" என்ற விருப்பம்தான் முதலில் சொல்லப்பட்டது. "உம்முடைய சித்தத்தின்படியே" என்பது அதன் பிறகு. குணசீலன் அந்த ஆசையைத் தனக்குள் வைத்தது யார் என்று கேட்கவில்லை. அதைத் துறந்ததோடு நிற்காமல், கர்த்தர் சொல்லவேண்டிய பதிலையும் தானே எழுதிப் போட்டான். போதகரோ அது மனிதன் எழுதிய பதில் என்று தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டார். அந்த வருடம் யாரும் போகவில்லை. மறு வருடம் சீட்டு இல்லாமல் குணசீலன் சபை நடுவே எழுந்து, "எனக்குப் போக ஆசை" என்றான். அந்த மூன்று சொற்களைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.