எஸ்ராவின் எதிர் நாற்காலி

துறைமுகத்து யூதத் தெருவே இஸ்ரேலுக்குக் கிளம்பிப் போய்விட்டது. எஸ்ராவின் மகனும் போனான். பிறகு கடிதமும் நின்றுபோனது. ஜெப ஆலயத்தில் விளக்குத் துடைக்கும் எஸ்ரா மட்டும்தான் மிச்சம்.

வெளியூரிலிருந்து வெள்ளிக்கிழமையே வந்து தங்கிய ஆலய டிரஸ்டி மோர்தெகாய், மறுநாள் ஓய்வுநாள் காலையில் அதட்டினார். “வாராவாரம் தோரா வேதத்தை விவாதித்தால்தான் இது ஆலயம். நீ யாரோடு விவாதிக்கிறாய்?”

“இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேன் ஐயா. எதிர் நாற்காலிக்குப் போய்ப் பதில் சொல்வேன்.”

“அது விவாதமா? பூட்டிவிடலாம். சாவியைக் கொடு!”

எஸ்ரா கொடுத்தார். “இந்த வாரக் கேள்வி மட்டும் பாக்கி ஐயா. செத்தான் என்று நினைத்த யோசேப்பு திரும்பக் கிடைத்தபோது மகன்தான் அழுதான். அப்பா யாக்கோபு ஏன் அழவில்லை? மறுபடியும் போய்விடுவானோ என்ற பயம்தானே?”

“பயமாவது! அத்தனை வருஷத்தில் கண்ணீர் தீர்ந்துபோயிருக்கும்.”

“பெற்றவனுக்குத் தீராது ஐயா.”

“தீரும்!”

வெயில் சாயும்வரை இருவரும் விடவில்லை. கடைசியில் எஸ்ரா மெதுவாகக் கேட்டார்: “இந்த வாரம் விவாதம் நடந்ததா ஐயா?”

டிரஸ்டி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை எஸ்ரா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, “கண்ணீர் தீர்ந்துபோயிருக்கும்” என்றார். தன் நாற்காலிக்கு வந்து, தீராது என்று சொல்ல மகனை நினைத்துப் பார்த்தார். கண் காய்ந்தே இருந்தது.