முகம் திருப்பிய மட்டக்குதிரை

வேலங்குறிச்சி ஜமீன்தாரிடம் இடுப்பு உயரத்தில் ஒரு மட்டக்குதிரை இருந்தது. வாய்க்கு எட்டியவர்களையெல்லாம் கடிக்கும். ஒருநாள் ஜமீன்தாரின் தொடையையே பதம் பார்த்துவிட்டது.

"ஏலே கொம்பையா! தசராவுக்குள்ளே இது கடிக்கிறதை நிறுத்தணும். இல்லேன்னா லாயத்துல உனக்கு வேலை கிடையாது" என்றார்.

லாயக்காரன் கொம்பையா அதை அடிக்கவில்லை, வாயைக் கட்டவுமில்லை. ஆள் அருகே வரும்போது குதிரை முகத்தை அப்பால் திருப்பினால், அந்த நொடியே நாக்கைச் சொடுக்கி, ஒரு துண்டுக் கருப்பட்டி கொடுத்தான். சொடுக்குச் சத்தம் கேட்டால் கருப்பட்டி வரும் என்று குதிரைக்குப் புரிந்துபோயிற்று. பிறகு யார் வந்தாலும் கடிப்பதை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தசராவன்று ஜமீன்தார் பரிவாரத்தோடு வந்து நின்றார். குதிரை வெடுக்கென்று முகத்தைத் திருப்பியது.

"என்னைக் கண்டா முகத்தைத் திருப்புது? என்ன திமிர்! இதையாலே பழக்கி வச்சிருக்கே?"

"அரண்மனை மரியாதைதான் மகாராசா. இங்கே உங்க முகத்தை நேருக்கு நேர் பாக்குறவுக யாரு இருக்காக? அதுவும் கத்துக்கிட்டது."

மரியாதைக்குத் தண்டனை கொடுக்க ஜமீன்தாருக்கு வழி தெரியவில்லை.

"சரிலே, லாயத்தையே பார்த்துக்கோ" என்றார்.

சுற்றிலும் தோள்கள் குலுங்கின. யார் சிரிப்பது என்று பார்க்க, ஒரு முகம்கூட அவர் பக்கம் இல்லை.