சங்கையாவின் பேச்சு

"கட்டி எங்கே இருக்குன்னு ஸ்கேன்லயே தெரியுதே மேடம். அந்த ஆளோட உட்கார்ந்து நான் என்ன பேசணும்?"

டாக்டர் மைமூன் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எது போனாலும் எது மட்டும் போகக்கூடாதுன்னு அவர்கிட்ட கேட்டுட்டு வாங்க."

ஜெபசீலனுக்கு நாற்பத்து மூன்று வயது. தூத்துக்குடியில் வயிற்று ஆபரேஷனில் பெயரெடுத்தவர். மூளை அறுவை சிகிச்சை படித்தே தீர வேண்டும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதுரைக்கு வந்து, தன்னைவிட நாலு வயது இளையவரான மைமூனிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். தனி அறை. மெஸ் சாப்பாடு.

நோயாளியின் பெயர் சங்கையா. மானாமதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் இருபத்தெட்டு வருடம் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற கட்டில்களைச் சுற்றி ஆளும் பேச்சும் இருந்தன. அவர் கட்டிலில் மடித்து வைத்த ஒரு துண்டு இருந்தது.

ஜெபசீலன் கேட்டார். சங்கையா சுவரைப் பார்த்தார்.

"பேசவே மாட்டேங்கிறார் மேடம்."

"மாட்டேங்கிறாரா, வரலையா?"

மறுநாள் ஜெபசீலன் ஃபைலை எடுத்துப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சும்மா உட்கார்ந்தார். அரை மணி நேரம் போயிற்று.

"வார்த்தை... உள்ளதான் இருக்கு சார்," என்றார் சங்கையா. "வாசலுக்கு வர மாட்டேங்குது."

பேச்சு குழறியதைப் பார்த்து டீக்கடையில் குடித்திருக்கிறான் என்றார்களாம். அங்கே போவதை விட்டார். பிறகு எங்கேயும் போவதை விட்டார்.

"கேட்ல இருந்தப்ப யாரோட பேசுவீங்க?"

"ரயில்ல போறவுக கை காட்டுவாக. நானும் காட்டுவேன்."

மகள் மஸ்கட்டில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒரு தடவை போன் பண்ணுவாள். "அது பேரு வர மாட்டேங்குது. அப்பாவுக்கு எம்மேல என்ன கோவம்னு... அழுதுச்சு."

"உங்களுக்கு எது மட்டும் போகக்கூடாது, ஐயா?"

சங்கையா துண்டை மடியில் விரித்தார். பிறகு துண்டின் மேல் விரலால் எழுதிக் காட்டினார். பூங்கோதை.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்கு யாரு சார் போன் பண்ணுவாக?"

ஜெபசீலன் தலையணையைச் சரிசெய்தார்.

ஆபரேஷன் காலையில் தொடங்கியது. மூளைக்கு வலி தெரியாது. அதனால் தலையை மட்டும் மரக்கவைத்து, ஆளை விழிப்பிலேயே வைத்திருந்தார்கள். பேச்சுக்கான இடத்தை ஒட்டிக் கட்டி இருந்தது. பேச்சு தடுமாறினால் கத்தியை நிறுத்த வேண்டும்.

நடுவே பச்சைத் துணி தொங்கியது. ஒரு பக்கம் மைமூனும் மைக்ராஸ்கோப்பும். மறுபக்கம் சங்கையாவின் முகம், அதற்கு ஒரு சாண் தூரத்தில் ஜெபசீலன்.

படங்களைக் காட்டினார்.

"குடை," என்றார் சங்கையா. "சாவி. ஆட்டுக்குட்டி."

"பொண்ணு பேரு?"

"பூ... பூங்கோதை."

கேட்டைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றி. இடையிடையே அதே கேள்வி. இரண்டு மணி நேரம் பதில் வந்தது.

"பொண்ணு பேரு என்னய்யா?"

"பூ..."

உதடு அப்படியே நின்றது.

"நிறுத்துங்க மேடம்."

துணிக்கு அந்தப் பக்கம் கருவியின் சத்தம் நின்றது. மைமூனின் குரல் மட்டும் வந்தது.

"பட்டாணி அளவு பாக்கி இருக்கு. அதையும் எடுத்துட்டா சுத்தமாயிடும்."

ஜெபசீலன் மறுபடி கேட்டார். சங்கையாவின் உதடு குவிந்தது, பிரிந்தது, குவிந்தது. கண்ணோரத்தில் நீர் இறங்கியது. அவர் கை ஜெபசீலனின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம் மேடம்."

சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் போனது.

"பூங்கோதை," என்றார் சங்கையா.

"மூடிடலாம்," என்றார் மைமூன்.

நாலாம் நாள் மகள் போன் பண்ணினாள். சங்கையா பெயரைச் சொன்னார். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜெபசீலன் வாசல் வரை வந்தவர், உள்ளே போகாமல் திரும்பினார்.

கையில் புது ஸ்கேன் இருந்தது. பட்டாணி அதில் வெள்ளையாகத் தெரிந்தது.

மைமூன் தன் அறையில் தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது வளருமா மேடம்?"

"ரேடியேஷன் கொடுப்போம். அடங்கவும் அடங்கலாம். வளரவும் வளரலாம்."

"வளர்ந்தா?"

"மறுபடி தலையைத் திறக்கணும்."

ஜெபசீலன் ஸ்கேனை மேசையில் வைத்தார்.

"பத்து வருஷமா இதே வேலை பாக்குறீங்க. நான் நேத்து வந்தவன். நான் நிறுத்துங்கன்னு சொன்னதும் நிறுத்திட்டீங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலை. நான் சொன்னது தப்பா இருந்திருந்தா?"

மைமூன் டப்பாவை மூடினார்.

"துணிக்கு இந்தப் பக்கம் எனக்கு மூளை மட்டும்தான் தெரிஞ்சுது," என்றார். "சங்கையா உங்ககிட்டதான் இருந்தார்."