கீரி கால் பதிக்காத களிமண்

ஒரு மலையடிக் காட்டில் மாதுளி என்ற கீரி, கணவனோடும் குட்டியோடும் வாழ்ந்து வந்தது. அங்கே ஓடைக்குக் குறுக்கே கரடி ஒரு மரப்பாலம் போட்டிருந்தது. ஒருநாள் அப்பாக் கீரி குட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் நடந்தது. பாலம் நடுவில் முறிந்தது. குட்டிக்குப் பின்னங்கால் ஒடிந்தது. அப்பாவை வெள்ளம் கொண்டுபோயிற்று.

மூன்றாம் நாள் கரடி ஒரு கையில் தேனடையோடு வந்தது. இன்னொரு கையில் ஈரக் களிமண். அந்தக் காட்டில் களிமண்ணில் கால் பதித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் யாரும் வழக்குப் போட முடியாது.

"நடந்தது நடந்துபோச்சு, தாயி! உன் வீட்டுக்காரன் பாலத்திலே குதியாட்டம் போட்டான், அவன் தப்புதான். ஆனாலும் எனக்கு மனசு கேக்கல. தேனை வச்சுக்க, இதிலே காலைப் பதி!"

மாதுளி குட்டியைப் பார்த்தது. பசியில் அதன் வயிறு ஒட்டிக் கிடந்தது. மாதுளி காலைத் தூக்கியது.

"அக்கா! பதிக்காதீங்க!"

மேலே கிளையில் மரங்கொத்தி! காட்டு மன்றத்தில் மற்றவர்களுக்காக வழக்காடுவது அதன் தொழில்.

"வந்துட்டியா, சிவப்புக் கொண்டைக்காரா! வழக்கு வாசனை அடிச்சிடுச்சா?" கரடி உறுமியது.

"இல்லை அண்ணே, தேன் வாசனை! நீங்க தேனோட போற இடத்துக்கெல்லாம் நான் வந்தாகணும்!"

கரடி முணுமுணுத்துக்கொண்டே போனது.

"தம்பி, உனக்குக் கொடுக்க என்கிட்ட ஒண்ணுமில்லையே" என்றது மாதுளி.

"முறிஞ்ச பாலத்துக் கட்டை ஓடையிலே பாறையிலே சிக்கியிருக்கு. உள்ளே பூராக் கரையான். ஜெயிச்சா அது எனக்கு. தோத்தா ஒண்ணும் வேணாம்!"

கரடி கட்டையை இழுத்துப் போய்விடக் கூடாதே என்று, மரங்கொத்தி ஐந்து நாள் அதன்மேலேயே காவல் இருந்தது. ஒரு கரையானைக்கூடத் தொடவில்லை.

"இளைச்சுட்டியே தம்பி, ஒண்ணே ஒண்ணு தின்னேன்!"

"சாட்சியைத் தின்னக் கூடாது அக்கா!"

அத்தனை துக்கத்திலும் மாதுளிக்குச் சிரிப்பு வந்தது.

அதற்கடுத்த நாள் ஓடைக்கரையில் அந்தக் கட்டையருகே மன்றம் கூடியது. நீதிபதி காட்டெருமை.

"என் பாலம் இரும்பு மாதிரி!" என்றது கரடி.

மரங்கொத்தி பக்கத்து வேங்கை மரத்தைத் தட்டியது. டொக்! டொக்! பிறகு முறிந்த கட்டையைத் தட்டியது. பொத்... பொத்... பட்டை உதிர்ந்தது. கரையான் கொட்டியது.

"கடைசியா எப்போ தட்டிப் பார்த்தீங்க அண்ணே?"

"மழைக்கு முன்னாடி."

"எந்த மழைக்கு?"

கரடி தலையைச் சொறிந்தது. "போன... அதுக்கும் முந்தின வருஷத்து மழைக்கு."

"குட்டி தானாக இரை தேடும்வரை நீயே இரை கொண்டுவர வேண்டும். கால் வைத்தியமும் புதுப் பாலமும் உன் பொறுப்பு!" காட்டெருமை தீர்ப்புச் சொன்னது. மரங்கொத்தி அப்போதுதான் முதல் கரையானை விழுங்கியது.

"போதுமா அம்மா?" என்று காட்டெருமை மாதுளியைக் கேட்டது.

"என் வீட்டுக்காரர் குதிக்கலைன்னு இவர் வாயாலே சொல்லணும், ஐயா" என்றது மாதுளி.

கரடி தலை குனிந்தது. "அவன் குதிக்கல. பாலத்தைப் பார்க்காம விட்டது நான்தான்."

"நான் சொன்னேன்ல அம்மா? அப்பா மெதுவாத்தான் நடந்தாரு!" என்றது குட்டி.

மாதுளி உடைந்து அழுதது.

"போனவர் வர மாட்டாரு, தம்பி. ஆனா என் பிள்ளை இனி தலை நிமிர்ந்து அவர் பேரைச் சொல்லும். உன்னை உசுரு உள்ளவரை மறக்க மாட்டோம்."

மரங்கொத்தி குட்டியின் அருகே வந்தது. அதன் தலையை அலகால் மெல்லக் கோதிவிட்டது.

துயரத்தில் இருக்கும்போது அவசரமாக நீட்டப்படுவதை வாங்கிக்கொண்டு வாயை மூடிவிடாமல், நமக்காகப் பேச வல்லவரைத் துணை சேர்த்து நியாயம் கேட்க வேண்டும்.