மினுக்கம் குறையாத பகடை

"குருவே, எனக்கு மட்டும் ஏன் படி ஏறவே மாட்டேங்குது?"

துரைப்பாண்டி கேட்டேவிட்டார். ரொம்ப நாளாகத் தொண்டையிலேயே நின்ற கேள்வி.

அவருக்குத் தலை நரைத்துவிட்டது. குரு நாச்சியாருக்கு அவர் மகள் வயசுதான். ஆனாலும் மாவுமில் மாடியில் இருபது முகப் பகடை உருட்டிக் கதை ஆடுகிற அந்த மேசைக்கு அவள்தான் தலை. ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். காடு, குகை, அரக்கன் எல்லாம் அவள் வாயிலிருந்து வரும். விளையாட்டாகக் குருவே என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துப்போனது.

துரைப்பாண்டிக்கு வைத்தியன் வேஷம். ஆட ஆட வேஷத்தின் திறமை படிப்படியாக ஏறும். கூட வந்தவர்கள் எல்லாம் ஐந்தாம் படியில் நிற்க, அவர் மட்டும் முதல் படியிலேயே இருந்தார்.

"இதுக்கு முன்னால எங்கண்ணே ஆடினீங்க?" என்று கேட்டாள் நாச்சியார்.

"ரெண்டு மேசை. முதல் மேசையில அரக்கனைக் கொன்னாதான் படி. வாள்காரன்னா சாகிற வரைக்கும் வாள்காரன்தான். நான் ஒன்பதாம் படி வரைக்கும் ஏறிட்டேன்."

"அப்புறம்?"

"ஒரே ஒரு உருட்டு. ஒண்ணு விழுந்துச்சு. பாலம் இடிஞ்சு என் வாள்காரன் செத்தே போயிட்டான்."



"ரெண்டாவது மேசை?"

"அங்க வாள்காரன் வைத்தியன்னு பிரிவே கிடையாது. எதைச் செய்யிறமோ அது வளரும். நீந்தினா நீச்சல் வளரும். பூட்டைத் திறந்தா அந்தக் கைவேலை வளரும்."

"உங்களுக்கு என்ன வளர்ந்துச்சு?"



"ஒளிஞ்சுக்கிறது."

பக்கத்தில் இருந்த சக ஆட்டக்காரி ரெஜினா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத ரெஜினா. இங்க மட்டும் என்ன வாழுதாம்? உருட்டித் தோத்தா ஒரு கோடு. கோடு சேர்ந்தா ஒரு படி. தோத்தவனுக்கா பரிசு? எந்த மேசைக் கணக்குதான் சரி, சொல்லுங்க குருவே."

நாச்சியார் கையை நீட்டி அவர் பகடையை எடுத்தாள். ரெஜினாவின் பகடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ரெஜினாவுடையதில் எண்கள் தேய்ந்து, பேனாவால் மறுபடி எழுதியிருந்தது.

அவருடையது கடையில் வாங்கின மினுக்கம் குறையாமல் இருந்தது.

அவர் முகம் சுண்டிப்போனது.

"சரி, ஆடுவோம்," என்றாள் நாச்சியார். "குகைக்குள்ள ரெஜினாவோட வாள்காரி விழுந்து கிடக்கா. வயித்துல விஷ ஈட்டி. ரத்தம் நிக்கலை. பக்கத்துல ஒரே ஆள்தான். வைத்தியர்."

ரெஜினாவின் சிரிப்பு நின்றது. அந்த வாள்காரிக்கு அவள் வைத்த பெயர் புஷ்பம். செத்துப்போன தங்கச்சியின் பெயர்.

அது துரைப்பாண்டிக்கும் தெரியும்.

"ரெஜினாவே உருட்டட்டுமே. அவ கை ராசியான கை."

"சாகக் கிடக்கிறவ எப்படிண்ணே உருட்டுவா?"

"வேற யாராச்சும்..."

"மத்தவங்க எல்லாம் குகைக்கு வெளியில."

"எவ்வளவு விழணும்?"

"பத்துக்கு மேல."

"தவறிப்போச்சுன்னா?"

கீழே மில் ஓடுகிற அதிர்வில் மேசை மேலிருந்த பகடை லேசாக நடுங்கியது. அவர் அதைத் தொடப்போய் விரலை இழுத்துக்கொண்டார்.

"என்னால முடியாதும்மா. என் கையால அவ போயிட்டான்னா..."

"அண்ணே," என்றாள் ரெஜினா மெல்ல. "உருட்டலைன்னாலும் போயிருவா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார்.

கண்ணைத் திறந்தார்.

மூன்று.

"ரத்தம் நிக்கலை," என்றாள் நாச்சியார். "ஈட்டியைத் தொட்டதுல விஷம் இப்ப வைத்தியர் கையிலயும் ஏறிடுச்சு. இன்னொரு தடவை தவறினா ரெண்டு பேருமே போயிருவீங்க."

பிறகு பென்சிலை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"கோடு போட்டுக்கங்கண்ணே. உங்க முதல் கோடு."

துரைப்பாண்டி பென்சிலைப் பார்க்கவே இல்லை.

"அது கிடக்கட்டும் குருவே. புஷ்பத்துக்கு இன்னும் மூச்சு இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

பகடை மறுபடி அவர் கையில் இருந்தது.